நீல ஃப்ளாப்பியின் தேதி

1. மூன்று எழுத்தில் ஒரு கேள்வி

1988 செப்டம்பர் முதல் தேதி, வியாழக்கிழமை, காலை ஒன்பது இருபதுக்கு எங்கள் மில்லின் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. சி டிரைவைப் படிக்க முடியவில்லை என்று பச்சை எழுத்தில் ஒரு வரி வந்தது. அதற்குக் கீழே ஒரு கேள்வி: அபார்ட், ரீட்ரை, இக்னோர்? நிறுத்தவா, மறுபடி முயலவா, விட்டுவிடவா என்பதற்கு ஓர் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும்.

மானேஜர் அந்துவான் முசே, புதுச்சேரிப் பிரெஞ்சில் அந்துவான் ஐயா, என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று அதைப் படித்தார்.

"இன்னாய்யா இது, நம்மளயே கேள்வி கேக்குது?"

"மூணுல ஒண்ணு சொல்லணும் முசே."

"அலோர், அப்பன்னா இக்னோர்னு சொல்லு. நாமளும் கண்டுக்க வேணாம், அதுவும் கண்டுக்காது."

சொன்னேன். அதே கேள்வி திரும்ப வந்தது. ரீட்ரை சொன்னேன். உள்ளே ஏதோ கரகரவென்று தேய்ந்தது. மறுபடியும் அதே கேள்வி. பதினொரு மணி வரை அதுவும் நானும் மாறி மாறி இதையே செய்துகொண்டிருந்தோம்.

புதுச்சேரி நகரின் வடக்கு ஓரத்தில் இருந்த சிறிய நூற்பாலை அது, இன்று இல்லை. அங்கே நான் டைம் கீப்பர். யார், எந்த ஷிப்டு, வந்தாரா இல்லையா என்பதை எழுதி வைப்பது என் வேலை. இந்த வேலைக்கு வருமுன்பே எனக்கு டைரிப் பழக்கம் உண்டு. மழை பெய்த நாள், படித்து முடித்த புத்தகம், பஸ் வராத நாள் எல்லாம் அதில் தேதியோடு இருக்கும். அந்துவான் முசே அதற்கு முன் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், பிறப்பு, இறப்பு, கல்யாணப் பதிவு எழுதியவர். தேதி இல்லாத காகிதத்தைக் கையாலும் தொடமாட்டார். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

கம்ப்யூட்டர் 1987 மார்ச்சில் வந்தது. வந்ததும் அதில் ஏற்றிய முதல் கணக்கு பதிலிகளுடையது. நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவர் இடத்தில் நிற்பவர் பதிலி. காலையில் கேட்டுக்கு வந்து காத்திருக்க வேண்டும். இடம் இருந்தால் ஒரு சீட்டு, இல்லாவிட்டால் அடுத்த பஸ்சில் வீடு. செப்டம்பரிலிருந்து ஆகஸ்ட் வரை இருநூற்று நாற்பது நாள் வேலை கிடைத்த பதிலியை நிரந்தரமாக்க வேண்டும் என்பது எங்கள் மில்லில் யூனியனோடு செய்த ஒப்பந்தம். இருநூற்று முப்பத்தொன்பது நாள் என்றால் இல்லை. அடுத்த வருஷம் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

அந்த வருஷப் பட்டியலைச் சனிக்கிழமை, செப்டம்பர் மூன்றாம் தேதி, மாலை நான்கு மணிக்குக் கேட்டில் ஒட்டுவதாகப் பேச்சு. ஒவ்வொருவருக்கும் எத்தனை நாள் என்பது அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தது.

சீட்டுகள் என்ன ஆயின என்று இளைய வாசகர்கள் கேட்கலாம். "ரெண்டு எடத்துல எழுதுனா கம்ப்யூட்டர் எதுக்கு?" என்பது முசேயின் கொள்கை. கம்ப்யூட்டரில் ஏற்றிய சீட்டுகள் சனிக்கிழமைதோறும் கழிவுப் பஞ்சோடு லாரியில் போய்விடும். சம்பளப் பட்டியல்கள் மாதாமாதம் கோயம்புத்தூர் தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும். திரும்ப வரவழைக்க ஒரு வாரமாவது ஆகும். கையில் மிஞ்சியவை ஆகஸ்ட் 29, 30, 31 ஆகிய மூன்று நாள் சீட்டுகள். அவற்றை ஏற்ற ஆள் இல்லாததால் மேசை டிராயரில் கிடந்தன.

ஆள் இல்லாததற்குக் காரணம், கம்ப்யூட்டர் ஆபரேட்டர் புனிதா. பிள்ளைச்சாவடிப் பெண். ஆகஸ்ட் 27, சனிக்கிழமை, அவளுடைய கடைசி நாள். காரைக்காலில் கல்யாணம். எல்லோருக்கும் லட்டு கொடுத்துவிட்டு, "பேக்கப்பு எடுத்து அலமாரில வச்சிருக்கேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த நகலை எப்படி எடுத்தாள், எதில் எடுத்தாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. லட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

2. ஒய் அடித்தது

வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு மெட்ராஸிலிருந்து கம்ப்யூட்டர் கம்பெனி என்ஜினியர் முரளி வந்தார். நான் எதிர்பார்த்த ஸ்பேனரோ சால்டரிங் அயனோ அவர் கையில் இல்லை. ஒரு சின்னப் பெட்டி நிறைய ஃப்ளாப்பிகள். அரை மணி நேரம் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஹார்ட் டிஸ்க்ல நெறைய செக்டர் போயிடுச்சு சார். மொத்தமா அழிச்சு, லோ லெவல் ஃபார்மட் பண்ணி, டாஸ் புதுசா ஏத்திடலாம். டிஸ்க் வேலை செய்யும்."

"உள்ள இருக்கறது?"

"எல்லாம் போயிடும். பேக்கப் இருக்குல்ல?"

"இருக்கு."

அலமாரியைத் திறந்து பார்க்காமலே சொன்னேன். புனிதா சொல்லியிருக்கிறாள் என்ற தைரியம்.

முசேக்கு ஒன்று புரியவில்லை. அதையே மூன்று விதமாகக் கேட்டார். "அழிச்சா எங்க போவும்?" "எங்கயும் போகாது சார், இருக்காது." "எழுதுனத ரப்பர் போட்டு அழிச்சாலும் தடம் இருக்குமே?" "இதுல இருக்காது சார்." "அப்ப அதுக்கு மேல புதுசா எழுதறத எப்படி நம்பறது?" முரளி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். எனக்கும் புரியவில்லை.

முதலில் ஒரு ஃப்ளாப்பியைப் போட்டு ஏதோ சங்கேதம் போல ஒரு வரி அடித்தார். சிலிண்டர் எண்கள் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கின. அது முடிந்ததும் டிஸ்க்கின் இடத்தைப் பாகம் பிரிக்க ஒரு கட்டளை கொடுத்தார். பிறகு ஃபார்மட். அப்போது திரையில் ஓர் எச்சரிக்கை: இந்த டிஸ்க்கில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா, ஒய் அல்லது என்.

"நீங்களே அடிங்க சார்" என்றார் முரளி. "எங்க கம்பெனி ரூல். கஸ்டமர்தான் அடிக்கணும்."

ஒய் அடித்தது என் விரல். மணி பன்னிரண்டு ஐந்து. அப்புறம் டாஸ் ஏறியது, கணக்கு வைக்கும் டி-பேஸ் ஏறியது, எங்கள் பதிலி புரோகிராம் ஏறியது. வாங்கி வைத்த அன்று இருந்தது போல் மெஷின் சுத்தமாக நின்றது. பதிலிகள் பட்டியலைக் கேட்டேன். ஒரு பெயரும் இல்லை.

நான் சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே அஞ்சலாட்சி நின்றிருந்தாள். நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங்கில் பதிலி. கனகசெட்டிக்குளத்திலிருந்து காலை முதல் பஸ்சில் வருபவள். ஐந்து வருஷமாகப் பதிலியாகவே இருந்தாள். நான்கு முறை இருநூற்று நாற்பதைத் தொடாமல் நின்றுவிட்டது. போன வருஷம் ஆறு நாள் குறைவு. இந்த வருஷமும் விட்டால் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் கடலுக்குப் போய் வரவில்லை. இரண்டு பிள்ளைகளை யாரிடம் விடுவது என்பது அவளுக்கே தெரியாது.

"சார், பொட்டி ரிப்பேருன்னு சொல்றாங்களே. எங்க நாளெல்லாம் இருக்குதா?"

"இருக்குதும்மா. ஃப்ளாப்பில இருக்குது."

"எனக்குத் தெகஞ்சிருக்கும் சார். நான் எண்ணி வச்சிருக்கேன்."

எத்தனை என்று நான் கேட்கவில்லை. பதிலிகள் எல்லோரும் எண்ணித்தான் வைத்திருப்பார்கள். எல்லோருடைய எண்ணும் எங்கள் எண்ணைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

3. சிவப்பும் நீலமும்

அலமாரியில் இரண்டு ஃப்ளாப்பிகள் இருந்தன. ஒன்றில் சிவப்பு லேபிள், மற்றதில் நீலம். இரண்டிலும் 'பதிலி' என்று மட்டும் எழுதியிருந்தது.

சிவப்பைப் போட்டோம். ஃபைல் இருந்தது. பக்கத்தில் தேதி: 6-08-88. நீலத்தைப் போட்டோம். அதிலும் அதே பெயரில் ஃபைல். தேதி: 1-01-80.

இரண்டிலும் அதே ஆட்கள். நாட்கள்தான் வேறு. சிவப்பில் அஞ்சலாட்சிக்கு 222. நீலத்தில் 238. டிராயரில் கிடந்த மூன்று நாள் சீட்டிலும் அவள் பெயர் இருந்தது. நீலம் சரியென்றால் 241, நிரந்தரம். சிவப்பை எடுத்தால் ஆகஸ்ட் ஆறுக்குப் பிறகு மூன்று வாரம் எங்கே என்று தெரியாது.

"இந்த நீலம் 1980ன்னு சொல்லுது" என்றார் முசே. "எண்பதுல இந்த எடம் தென்னந்தோப்பு. மில்லுக்குக் கல்லே போடல. அதுக்குள்ள எரநூத்தி முப்பத்தெட்டு நாள் வேல செஞ்சிட்டாளா?"

"தேதி கொடுக்கலன்னா மெஷின் தானா அந்தத் தேதிய எடுத்துக்கும் சார்" என்றார் முரளி. "இதுல கடிகாரம் கிடையாது. தினம் காலைல ஆன் பண்ணும்போது நாமதான் சொல்லணும். சொல்லலன்னா ஜனவரி ஒண்ணு, எண்பதுதான்."

"யாரு சொல்லல?"

"அது எனக்குத் தெரியாது சார்."

அவருக்கு ஐந்து மணி பஸ். போய்விட்டார்.

காலண்டரைத் திருத்திய போப்பைப் பற்றியும், புரட்சிக்குப் பிறகு மாதங்களின் பெயரையே மாற்றிய பிரெஞ்சுக்காரர்களைப் பற்றியும் படித்திருக்கிறேன். தினமும் ஒரே ஜனவரி ஒன்றாம் தேதியில் கண் விழிக்கும் ஒன்றைப் பற்றி எங்கும் படித்ததில்லை. அது புரிந்தாலும் மற்றது புரியவில்லை. புனிதா தேதி போடாமல் வேலையைத் தொடங்குகிறவள் அல்ல. முதல் நாளே நான் அவளுக்குச் சொன்னது அதுதான். "எது மறந்தாலும் தேதிய மறக்காத." சிவப்பில் போட்டவள் நீலத்தில் ஏன் போடவில்லை?

முசேக்கு அதற்கு ஒரு விடை இருந்தது. கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"அந்தப் பொண்ணும் அஞ்சலாட்சியும் ஒரே பஸ்சுல வர்றவங்கதானே?"

"ஆமாம் முசே. கனகசெட்டிக்குளம் பஸ். புனிதா பிள்ளைச்சாவடில ஏறுவா."

"போற போக்குல சிநேகிதிக்கு நாள ஏத்தி வச்சிட்டுப் போயிருக்கு. சந்தேகம் வரக்கூடாதுன்னு நாலு பேருக்குச் சேத்து ஏத்தியிருக்கு. எந்தத் தேதின்னு யாரும் கேக்க முடியாதபடி தேதிய எடுத்துடிச்சு."

"அப்படிப்பட்ட பொண்ணு இல்ல முசே."

"மேரில இருவது வருஷம் உக்காந்தவன் நான். தேதி இல்லாத காயிதம் எதுக்கு வரும்னு எனக்குத் தெரியும்." சிவப்பு ஃப்ளாப்பியை என் பக்கம் தள்ளினார். "சிவப்ப எடு. காணாமப்போன மூணு வாரத்துக்கு எல்லாருக்கும் தலைக்கு எட்டு நாள் போடு. வந்தவன், வராதவன் எல்லாருக்கும் ஒரே மாதிரி. யாரும் வாய் தொறக்க முடியாது. தக்கோர்? சரிதானே?"

நான் கணக்குப் போட்டேன். 222, எட்டு, மூன்று. 233.

"அஞ்சலாட்சிக்கு வராது முசே."

"வராதுன்னா வராது."

அன்றைக்கு டைரியில் ஒரே வரிதான் எழுதியிருக்கிறேன்: 'ஒன்றும் விளங்கவில்லை.'

4. புதன்கிழமை

சனிக்கிழமை காலை எட்டே முக்காலுக்குக் கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். வழக்கம்போல் தேதி கேட்டது. எல்லா நாளும் புனிதா செய்தது போல, முன்பு நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது போல, 03-09-88 என்று அடித்தேன். ஏற்றுக்கொண்டது. நேரம் கேட்டது. கொடுத்தேன்.

புதிதாக ஏற்றிய டாஸ் தேதியை ஒழுங்காக வைத்திருக்கிறதா என்ற சந்தேகத்தில் தேதி என்னவென்று அதனிடமே கேட்டேன். சொன்னது. தேதிக்கு முன்னால் கிழமையும் சேர்த்துச் சொன்னது.

புதன்.

அன்று சனிக்கிழமை. கேட்டில் வாராந்திர லாரி நின்றிருந்தது. எனக்கு எது தப்பினாலும் கிழமை தப்பாது. மெஷின்தான் தவறு என்று நினைத்து மறுபடியும் கேட்டேன். புதன் என்றது.

பிறகு, இது எந்தப் புதன்கிழமையைச் சொல்கிறது என்று யோசித்தேன். மூன்றும் ஒன்பதும். டைரியைப் பின்னால் புரட்டினேன். 1988 மார்ச் 9. புதன்கிழமை. அன்று எனக்குப் பல்வலி.

அதாவது நான் செப்டம்பர் மூன்று என்கிறேன். அது மார்ச் ஒன்பது என்கிறது. முதலில் வருவது மாதம், அடுத்தது நாள் என்று அது எடுத்துக்கொள்கிறது. நாமும் பிரெஞ்சுக்காரர்களும் எழுதுகிற முறைக்குத் தலைகீழ்.

27-08-88 என்று அடித்துப் பார்த்தேன். தேதி செல்லாது என்று சொல்லி மறுபடி கேட்டது. வருஷத்தில் இருபத்தேழாவது மாதம் கிடையாதல்லவா? ஒன்றும் அடிக்காமல் என்டரை மட்டும் தட்டினேன். பேசாமல் விட்டுவிட்டது. மெஷினை நிறுத்தி, மறுபடி ஆன் செய்து, அதே 27-08-88ஐ அடித்து, அது மறுத்ததும் என்டர் தட்டி, ஒரு சின்ன ஃபைலை எழுதிப் பார்த்தேன். தேதி: 1-01-80.

மாதத்தின் பன்னிரண்டாம் தேதி வரை எங்கள் தேதிகளை மெஷின் வாங்கிக்கொள்ளும், தவறாக. பதின்மூன்றிலிருந்து மாதக் கடைசி வரை வாங்கவே வாங்காது. ஒன்றரை வருஷமாக இதுதான் நடந்திருக்கிறது.

அப்போதுதான் ஏதோ நினைவுக்கு வந்து, கம்ப்யூட்டர் வந்த மாதத்துப் பக்கங்களைத் தேடினேன். கிடைத்தது. 1987 மார்ச் 24, செவ்வாய்: 'புனிதா: மாசம் பாதிக்கு மேல மெஷின் தேதி வாங்க மாட்டேங்குது சார். வாங்கலன்னா என்டர் தட்டிட்டு வேலையப் பாரும்மா என்றேன். காற்று. மழை இல்லை.'

அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். நான் பதில் சொல்லி, அதைத் தேதி போட்டு எழுதியும் வைத்திருக்கிறேன்.

இதைவிட மோசமான ஒன்று திரையிலேயே இருந்தது. தேதி கேட்கும் வரியின் முடிவில், முதலில் மாதம், பிறகு நாள், பிறகு வருஷம் என்று குறி போட்டே கேட்கிறது அந்த மெஷின். ஒன்றரை வருஷம் தினமும் அந்த வரியைப் பார்த்திருக்கிறேன். புத்தகத்தில் அடிக்குறிப்பு வரை விடாமல் படிக்கிறவன் என்று எனக்கு என்னைப் பற்றி ஓர் எண்ணம் உண்டு.

5. பதினாறு

முசேயின் அறைக்குப் போய், வந்து பார்க்கும்படி கூப்பிட்டேன். அவர் முன்னால் மறுபடி எல்லாவற்றையும் செய்து காட்டினேன். புதன்கிழமையைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். டைரியை நீட்டினேன். படித்தார்.

"அலோர், தேதிய எடுத்தது அந்தப் பொண்ணு இல்ல."

"இல்ல முசே. நான்தான்."

"சரி. நீலம் ஏதோ ஒரு மாசத்தோட பின்பாதில எழுதுனதுன்னு ஒத்துக்கறேன். அது ஆகஸ்ட்தான்னு எப்படிச் சொல்ற? அவ நாள ஏத்தலன்னு எப்படிச் சொல்ற?"

மணி பதினொன்றரை. பிரிண்டரில் சிவப்பையும் நீலத்தையும் அடித்து எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பதிலிக்கும் எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போனேன். ஒருவருக்கு ஒன்பது. ஒருவருக்கு நான்கு. ஒருவருக்கு ஒன்றுமில்லை, அவருக்கு அம்மை என்று ஞாபகம். அஞ்சலாட்சிக்குப் பதினாறு. இன்னும் ஐந்து பேருக்குப் பதினாறு. பதினேழு யாருக்கும் இல்லை.

பொய்யாக ஏற்றினால் ஆளுக்கு ஒரு மாதிரி ஏறும். எல்லோரும் பதினாறில் போய் முட்டி நிற்பானேன்?

காலண்டரில் எண்ணினேன். ஆகஸ்ட் 8லிருந்து 27 வரை, ஞாயிறு நீக்கி, பதினெட்டு நாள். சுதந்திர தினம் நீக்கினால் பதினேழு. இன்னும் ஒன்று இடிக்கிறது. முசே எனக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தலைகீழாக அந்தக் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவின் பின்பக்கத்தை ஒரு கட்டத்தின் மேல் வைத்தார்.

ஆகஸ்ட் 16. பிரான்ஸ் எங்கள் ஊரைச் சட்டப்படி ஒப்படைத்த நாள். கடலூரில் மில் ஓடும், மெட்ராஸில் ஓடும். எங்களுக்கு மட்டும் லீவு.

"பதினாறு" என்றார்.

அந்த மூன்று வாரத்தில் மில் ஓடியதே பதினாறு நாள்; யாருக்கும் அதற்கு மேல் ஏறவில்லை. பிறகு, "நீலத்த ஏத்து. மூணு நாள் சீட்ட நீயே உன் கையால போடு. நடந்தத எழுதிக் குடு. தேதி போட்டு" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். புனிதா மீது தவறில்லை என்பதை முதல் வரியாக எழுதினேன். கீழே 'செப்டம்பர் மூன்று, சனிக்கிழமை' என்று எழுத்தால் எழுதினேன். முசே பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, வழக்கம்போல் 3-9-88 என்று எழுதினார்.

நான்கு மணிக்குப் பட்டியலை ஒட்டினேன். பத்தொன்பது பேர். கூட்டம் கலைந்தபிறகு அஞ்சலாட்சி முன்னால் வந்தாள். கடைசி வரியில் இருந்த பெயரைக் காட்டினேன். அதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"எத்தினி நாளு சார் போட்ருக்கு?"

"எரநூத்தி நாப்பத்தொண்ணு."

"ரெண்டு நாள் கொறையுதே. நான் எரநூத்தி நாப்பத்தி மூணு வச்சிருந்தேன்."

காலையிலிருந்து சரிபார்த்தது முழுவதையும் மனதுக்குள் ஒருமுறை ஓட்டினேன். "எந்த ரெண்டு நாள்மா?"

"கொடி ஏத்துன அன்னிக்கி வந்தேன் சார், மிட்டாய் குடுத்தீங்க. மறுநாளும் ஒரு கொடி ஏத்துனீங்க. அன்னிக்கும் வந்தேன். அன்னிக்கி மிட்டாய் இல்ல."

ஆகஸ்ட் பதினைந்தும் பதினாறும். அந்த இரண்டையும் கழித்தால் அவள் எண்ணிக்கையும் மெஷினுடையதும் ஒரு நாள்கூடப் பிசகாமல் ஒன்றுதான். வருஷம் முழுவதும் அவள் மனதிலேயே வைத்திருந்த கணக்கு அது. இரண்டு நாளாக நான் ஃப்ளாப்பியையும் டைரியையும் புரட்டிக்கொண்டிருந்தபோது, வெள்ளிக்கிழமை மதியமே ஜன்னலுக்கு வெளியே நின்று அதைச் சொல்ல வந்தாள்.

"அது லீவு நாள்மா. வேலை நாள்ல சேராது."

"கனகசெட்டிக்குளத்துலேர்ந்து பஸ் ஏறி வந்தேனே சார். அது இன்னா நாளு அப்ப?"

அன்றிரவு அந்தக் கேள்வியை டைரியில் தேதி போட்டு எழுதி வைத்தேன். அன்றிலிருந்து மாதத்தை நான் எண்ணால் எழுதுவதில்லை. யாராவது ஜன்னலில் நின்று எண்ணி வைத்திருப்பதாகச் சொன்னால், எத்தனை என்று முதலில் கேட்டுவிடுவேன்.